அடுப்படி நியாயம்

ஜெனீவாவில் ஓர் ஓட்டெடுப்பு, லிங்கராஜபுரத்தில் கழுவக் காத்திருக்கும் பாத்திரங்கள், ஆயர் இல்லத்தில் ஒரு சமையல்கட்டு. உலக அமைதி, நீதி, பெண் சமத்துவம் என்று பேசும் கத்தோலிக்கத் துறவற சபைகளை எந்தப் படியால் அளப்பது?

காலை ஆறரை மணிக்கு லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் அடியில் நின்றால் பெங்களூரு எப்படி விழிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஐடி கம்பெனி பஸ்கள் கிளம்புவதற்கு வெகு முன்பே, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிய பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சந்துகளிலிருந்து வெளியே வருகிறார்கள். கையில் துணிப்பை, அதற்குள் ஒரு சாப்பாட்டு டப்பா, காலில் ரப்பர் செருப்பு. பேச்சு தமிழ், நடுநடுவே கன்னடம், கொஞ்சம் உருது. ஒரு கூட்டம் குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் திரும்புகிறது. இன்னொன்று கம்மனஹள்ளி, கல்யாண் நகர் அபார்ட்மென்ட்டுகளுக்குப் போகிறது. அங்கே கேட்டில் செக்யூரிட்டி போனில் பெயரைப் பதிவார். சில இடங்களில் வேலையாட்களுக்கு லிஃப்ட் தனி. திரும்பும்போது பையைத் திறந்து காட்டவும் வேண்டும். மூன்று வீடு, நான்கு வீடு என்று பாத்திரம், துணி, தரை முடித்து வீடு திரும்பினால், அங்கே அவர்களுடைய சொந்தப் பாத்திரங்கள் காத்திருக்கும். நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் நான்கு நாள் சம்பளம் பிடிக்கப்படும் வீடுகளே அதிகம்.

இதே 560084 தபால் எல்லைக்குள் கத்தோலிக்கத் துறவறத்தின் முகவரிகளும் நெருக்கமாக இருக்கின்றன. டேவிஸ் ரோட்டில் செயின்ட் சார்லஸ் கான்வென்ட். ஹட்சின்ஸ் ரோட்டில், தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்த அருட்தந்தை அமலோற்பவதாஸ் 1967-ல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம். இந்தியத் திருச்சபைக்கு இந்திய முகம் கொடுக்கும் முயற்சிக்குத் தலைமைக் கூடம் அது. சற்றுத் தள்ளி பென்சன் டவுனில் இயேசு சபையின் இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட். உலக அமைதி, நீதி, பாலினச் சமத்துவம் போன்ற சொற்கள் இத்தகைய வளாகங்களில் கருத்தரங்கத் தலைப்புகளாக வந்துபோகின்றன. மதில் ஓரமாக வேலைக்கு நடந்து போகும் அக்காவுக்கும் அந்தச் சொற்களுக்கும் என்ன உறவு? துறவற சபைகளின் உலகப் பணியை எடைபோட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பல இடங்களில் உறவு உண்மையாகவே இருக்கிறது. அது அடுப்படி வழியாக ஓடுகிறது. அந்த வழி இன்னும் முழுவதும் திறக்கப்படாததற்கும் காரணம் ஓர் அடுப்படிதான்: சபையின் சொந்த அடுப்படி.

முளகுமூட்டு லேஸ்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெண் பிள்ளை எழுத்து படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலத்தில், 1844-ல் புதுச்சேரியில் மரியாவின் மாசற்ற இதய சபை பெண்களுக்குக் கல்வி கொடுக்கவென்றே தொடங்கப்பட்டது. 1854-ல் நல்லாயன் சபைக் கன்னியர் பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்கு வந்தார்கள்; 1886-ல் செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். 1897 நவம்பரில் மரி லூயிஸ் தெ மெஸ்தர் என்ற பெல்ஜியத் துறவி, அன்று திருவிதாங்கூரில் இருந்த முளகுமூட்டில் வந்து இறங்கினார். அனாதைப் பிள்ளைகளைப் பராமரித்தார். பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். கையில் காசு புரளாத பெண்ணின் கைக்கு அவள் நூலாலேயே காசு வந்தது. அவர் தொடங்கி இன்று பல கண்டங்களில் பரவியிருக்கும் ஐ.சி.எம். சபையின் பிறந்த வீடு அந்தக் குமரி மாவட்டத்துச் சிற்றூர்தான். உலகளாவிய சபை என்றதும் ரோமாபுரியையே நினைக்கும் நமக்கு இது நல்ல நினைவூட்டல்.

ஆனால் அந்த நூற்றாண்டின் சேவைக்குள் ஓர் எல்லைக்கோடு இருந்தது. பள்ளி, மருத்துவமனை, அனாதை இல்லம் ஆகிய மூன்றும் வாசலுக்கு வந்தவரைத் தாங்கின. வந்தவர் ஏன் அந்த நிலைக்கு ஆளானார் என்று பெரும்பாலும் கேட்கவில்லை. கேட்கச் சொன்னது 1960-களின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1971-ல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றமும். நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் பிரிக்க முடியாத பகுதி என்று அந்த மாமன்றம் எழுதி வைத்தது. அதன் பிறகு சில கன்னியர் பள்ளி நிர்வாகத்தைப் பிறரிடம் விட்டுவிட்டுக் குடிசைப் பகுதிகளுக்குள் வாடகை வீடு பார்த்துப் போனார்கள். கேரளத்தில் 1984-ல் மீனவர் போராட்டத்தில் கன்னியர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பீகாரில் நோட்ர டாம் சபையின் சுதா வர்கீஸ் முசகர் மக்களோடு குடியிருந்து அவர்கள் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சபைகளுக்குள் இதற்கு எதிர்ப்பு கொஞ்சமல்ல. “கான்வென்ட்டில் இருக்க வேண்டியவர்கள் தெருவில் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டவர்களில் விசுவாசிகளும் இருந்தார்கள், மேலதிகாரிகளும் இருந்தார்கள்.

‘வேலைக்காரி’ தொழிலாளி ஆன கதை

இந்த மாற்றத்தின் பலன் மிகத் தெளிவாகத் தெரிகிற இடம் வீட்டு வேலை. முளகுமூட்டில் பிறந்த அதே ஐ.சி.எம். சபையைச் சேர்ந்த ழான் தெவோஸ் 1963-ல் இந்தியா வந்தவர். 1985-ல் அவர் தொடங்கிய தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம், முதலில் பிடித்தது சொல்லை. வேலைக்காரி, ஆயா, பாத்திரக்காரி என்று நூறு பெயர் வைத்தாலும் அதில் ஒன்றுகூட ‘தொழிலாளி’ என்று சொல்லவில்லை. தொழிலாளி என்ற பெயர் இல்லாதவருக்குத் தொழிலாளர் சட்டத்தில் இடம் கிடையாது. குறைந்தபட்சக் கூலி, விடுமுறை, பேறுகால உதவி, வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தன. சின்ன விஷயம்போலத் தோன்றும் இந்தச் சொல்மாற்றம்தான் அடுத்து வந்த முப்பது வருட வேலைக்கும் திறவுகோல்.

விளைவுகளைப் பாருங்கள். 2004-ல் கர்நாடகம் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. இந்தியாவில் இதில் முன்கை எடுத்த மாநிலம் இதுதான். 2007-ல் தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. அங்கே சிஸ்டர் ஜோசபின் அமலா வளர்மதி போன்றவர்கள் வாரிய அட்டை வாங்கிக் கொடுப்பதிலிருந்து மந்திரிகளிடம் மனு கொடுப்பது வரை அலைந்தார்கள். 2010-ல் வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதில் வீட்டுவேலைப் பெண்கள் விடுபட்டிருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் தனியாக வேலை செய்யும் பெண்ணை விட்டுவிட்டு அப்படியொரு சட்டம் எழுதப்பட்டது என்பதை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், இந்தக் கன்னியர் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2013-ல் நிறைவேறிய சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இன்று லிங்கராஜபுரத்துப் பெண் ஒருவர் வேலை செய்யும் வீட்டில் அத்துமீறல் நடந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. அந்த வழி அவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதைத் தெரிய வைப்பதும் அதே இயக்கங்களின் அன்றாட வேலை.

இதெல்லாம் கன்னியர் மட்டும் சாதித்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கர்நாடகத்தில் இடதுசாரித் தொழிற்சங்கங்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் நீண்ட பங்கு உண்டு. சபைகள் கொண்டுவந்தவை வேறு. ஒன்று, நீடித்த இருப்பு: திட்டப்பணம் தீர்ந்ததும் அலுவலகத்தைக் காலி செய்யும் பழக்கம் அவர்களிடம் இல்லை, ஒரு சிஸ்டர் மாற்றலாகிப் போனால் இன்னொருவர் வருவார். இன்னொன்று, வலைப்பின்னல். சேரியில் கேட்ட குறையை அதே வாரத்தில் சென்னைக்கும் டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் கொண்டுபோக ஒரே குடும்பப் பெயர் கொண்ட பெண்கள் அங்கங்கே இருந்தார்கள். நல்லாயன் சபைக்கு 1996 முதல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி உண்டு. வேறு பல சபைகளும் அங்கே தனியாகவோ கூட்டாகவோ இடம் பெற்றிருக்கின்றன. அந்த நாற்காலி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கீழே இருக்கும் கட்டம் ஒரு பதில்.

| கட்டம்: எண் 189 |
|---|
| 2011 ஜூன் 16. ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரவு 396, எதிர்ப்பு 16, நடுநிலை 63. வார ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான பாதுகாப்பு ஆகியவை இதன் சாரம். 2013-ல் நடைமுறைக்கு வந்தது. மாநாட்டில் ஆதரித்து ஓட்டளித்த இந்திய அரசு இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. உலகில் 15 வயதுக்கு மேற்பட்ட வீட்டுவேலைத் தொழிலாளர்கள் சுமார் 7.56 கோடிப் பேர் என்றும், நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் என்றும் அதே அமைப்பின் 2021 கணக்கு சொல்கிறது. |

முழந்தாளிட்ட படமும் படமெடுக்காத வேலையும்

துறவிகள் அமைதிக்கு உழைக்கிறார்கள் என்றால் நம் கண்முன் வருவது ஒரு படம். 2021-ல் மியான்மாரின் மிச்சினா நகரத் தெருவில், ஆயுதம் தாங்கிய போலீஸாருக்கு முன்னால் வெள்ளை உடையில் முழந்தாளிட்டு இரு கைகளையும் விரித்தார் சிஸ்டர் ஆன் ரோஸ் நு தாங். பிள்ளைகளைச் சுடாதீர்கள், என்னைச் சுடுங்கள் என்று கெஞ்சினார். உலகம் முழுவதும் அந்தப் படம் போயிற்று. தமிழர்களுக்கு இதே வரிசையில் இன்னொரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட். போர்க்கால வன்முறையில் காணாமல் போனவர்களுக்காக அலைந்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குக் கிளம்பினார். உடன் ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வீடு சேரவில்லை. அவர்கள் உடல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

இத்தகைய தியாகத்துக்கு முன்னால் கூலி, விடுமுறை, வாரிய அட்டை என்றெல்லாம் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மியான்மாரிலும் மட்டக்களப்பிலும் துப்பாக்கி வெளியே வந்த பிறகு செய்த வேலை அது. துப்பாக்கி வெளியே வராமலிருக்கச் செய்யும் வேலை மிக மெதுவானது, அதைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. அமைதி வேண்டுமென்றால் நீதிக்கு உழை என்று 1972-ன் உலக அமைதி நாள் செய்தியில் போப் ஆறாம் பவுல் சொன்னதன் பொருள் இதுதான். சிஸ்டர் ராணி மரியாவை நினைத்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் ஆதிவாசிக் கூலிகள் வட்டிக்காரர்களிடமிருந்து விடுபடச் சேமிப்புக் குழு அமைத்தார். அவ்வளவுதான் அவர் ‘குற்றம்’. 1995 பிப்ரவரி 25 அன்று பஸ் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். ஜார்க்கண்டில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமிழந்த சந்தால் மக்களோடு நின்ற சிஸ்டர் வல்சா ஜான் 2011 நவம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். கணக்கு நோட்டும் நிலப் பட்டாவும் யாருக்கும் தீங்கு செய்யாத காகிதங்கள் என்றால் அவற்றுக்காக ஏன் கொலை நடக்கிறது? கூலியைத் தொடுவது அதிகாரத்தைத் தொடுவது. அந்தப் பெண்கள் இதை அறிந்தே போனார்கள்.

மதமாற்றம், அரசியல் என்ற இரு குற்றச்சாட்டுகள்

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, இதெல்லாம் மதமாற்றத்துக்கு வைத்த தூண்டில் என்பது. 2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு கன்னியர் கைது செய்யப்பட்டார்கள். ஆக்ராவில் கான்வென்ட் வேலைக்குப் போவதற்காக அவர்களோடு கிளம்பிய ஆதிவாசி இளம்பெண்கள் கடத்தப்படுகிறார்கள், மதம் மாற்றப்படுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் தங்கள் விருப்பத்தோடுதான் போனார்கள், குடும்பங்கள் ஏற்கெனவே கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் 2 அன்று பிலாஸ்பூர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆள்கடத்தலுக்கு எதிராக ‘தலித்தா கும்’ என்ற உலக வலைப்பின்னலையே 2009 முதல் நடத்திவரும் துறவறக் குடும்பத்தின் மேல் ஆள்கடத்தல் வழக்கு. கன்னியர் தங்கள் விசுவாசத்தை மறைக்கவில்லை. கழுத்தில் சிலுவை தெரியத்தான் தொங்குகிறது. ஆனால் ஒரு வேலை தூண்டிலா இல்லையா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அதன் பலன் யாருக்குப் போகிறது? குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையில் மதப் பத்தி கிடையாது. 2013 சட்டத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. லிங்கராஜபுரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் பெண்ணுக்கும், தர்காவுக்குப் போகும் பெண்ணுக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் பெண்ணுக்கும் அதே கூலி, அதே உரிமை. தர்மமாகக் கொடுத்தால் யாருக்கு என்பதைக் கொடுப்பவர் தேர்ந்தெடுக்க முடியும். உரிமையாக வாங்கிவிட்டால் அந்தத் தேர்வு யார் கையிலும் இல்லை. ஆகவே மதமாற்றத்தைக் கண்டு உண்மையிலேயே அஞ்சுபவர்கள், சபைகள் உரிமைப் பணியை விட்டுத் தர்மப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்பக் கூடாது.

ஆனால் துர்க் சம்பவத்தில் நம் காதில் சரியாக விழாத ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘கான்வென்ட் வேலைக்கு’. கைதின் அநியாயத்தைக் கண்டித்த கையோடு அதையும் கேட்டிருக்க வேண்டும். என்ன வேலை? என்ன சம்பளம்? எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? வார ஓய்வு உண்டா? மடங்களின் சமையல்கட்டுகளிலும் விடுதிகளிலும் தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் நாடு முழுவதும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு 189-ஆம் உடன்படிக்கையின் தரத்தில் எல்லாம் நடக்கிறது என்று ஒவ்வொரு மடத்து மதராலும் காகிதத்தை எடுத்துக் காட்ட முடிந்திருந்தால், அந்த ரயில் நிலையத்தில் பொய்க் குற்றச்சாட்டுக்கு எதிராக அதைவிட வலுவான சாட்சி வேறு என்ன இருந்திருக்கும்?

இரண்டாவது எதிர்வாதம், துறவிகளுக்கு அரசியல் எதற்கு என்பது. இதற்கான பதிலைத் தமிழர் ஒருவர் தன் உயிரால் எழுதிவிட்டுப் போனார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர். பிறகு ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடும் ஆதிவாசி இளைஞர்களுக்காக உழைத்தார். 2020 அக்டோபரில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழல் உள்ள குவளை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, 84 வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் மீதான வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவர் செய்தது அரசியல் என்றால், சட்டம் எழுதி வைத்ததை ஏழைக்கும் கொடு என்று கேட்பதும் அரசியல்தான். அந்த அரசியலைத் துறவிகள் கைவிட்டால் அவர்களிடம் மிஞ்சுவது கட்டடங்கள் மட்டும்.

ஆயர் இல்லத்தின் சமையல்

மூன்றாவது எதிர்வாதம்தான் கூர்மையானது, நேர்மையானதும்கூட. பெண் குருவாக முடியாத, முடிவெடுக்கும் இடங்களில் பெண்ணைப் பெரும்பாலும் காண முடியாத ஒரு திருச்சபை, உலகத்துக்குப் பாலினச் சமத்துவம் சொல்லித் தரலாமா? இதைத் திருச்சபையின் பகைவர்களின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 2018 மார்ச்சில் வத்திக்கானின் சொந்த நாளிதழோடு வெளிவரும் பெண்கள் மாத இதழிலேயே கன்னியர் சிலர் பெயர் சொல்லாமல் பேசினார்கள். கர்தினால்களுக்கும் ஆயர்களுக்கும் விடிகாலையில் எழுந்து சமைத்துப் பரிமாறித் துணி துவைத்து, ஒப்பந்தம் இல்லாமல், சம்பளம் மிகக் குறைவாக அல்லது இல்லாமலே இருக்கும் வாழ்வைச் சொன்னார்கள். பரிமாறிய மேசையில் உட்கார அழைக்கப்படுவது அரிது என்றும் சொன்னார்கள்.

அந்தக் கட்டுரையை லிங்கராஜபுரத்திலிருந்து படித்தால் எப்படி இருக்கும்? வேலை அதே வேலைதான். சொந்த வீட்டில் செய்தால் கடமை, அடுத்தவர் வீட்டில் செய்தால் ஊழியம், ஆயர் இல்லத்தில் செய்தால் அர்ப்பணம். பெயர்தான் மாறுகிறது, செய்பவர் பெண், கணக்கில் வராதது அவள் உழைப்பு. கன்னியர் ஏற்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில் கீழ்ப்படிதல் ஒன்று. கடவுளுக்குக் கீழ்ப்படிய வந்தவர் கடவுளின் பெயரைச் சொல்லும் ஆணின் சட்டையை இஸ்திரி போடுபவராக எப்போது ஆனார் என்று ஒரு பெண் கேட்டால், அதைக் கலகம் என்று சொல்ல என்னால் முடியாது. அது வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம் முப்பது வருடமாகக் கேட்ட அதே கேள்வி, கேட்டவர் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

சம்பளம் வாங்கும் கன்னியரின் கதையும் இதோடு சேர்ந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியைகளாக இருக்கும் கன்னியரின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு, கேரளச் சபைகள் பல வருடம் வழக்காடின. வார்த்தைப்பாடு கொடுத்தவர் உலகச் சட்டத்தின் பார்வையில் இறந்தவருக்குச் சமம், சம்பளம் அவருடையதல்ல, சபையுடையது என்பது வாதம். 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் வரிக் கணக்கு எப்படியும் இருக்கட்டும். உழைக்கும் ஒரு பெண் கணக்கில் ‘இறந்தவர்’ என்ற வாதத்தைப் பெண் சமத்துவம் பேசும் சபைகள் எப்படி வசதியாக எடுத்துக்கொண்டன? திருச்சபைச் சட்டத்தின் 702-ஆம் பிரிவு, சபையை விட்டு வெளியேறுபவர் அங்கே செய்த வேலைக்காக எதையும் கோர முடியாது என்கிறது. ஆனால் சபை அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முப்பது வருடம் கற்பித்துவிட்டு ஐம்பது வயதில் வெளியே வரும் பெண்ணுக்கு முதல் வாக்கியம் சட்டம், இரண்டாவது வாக்கியம் தலைவியின் மனநிலை. இருபது வருடம் பாத்திரம் கழுவிய வீட்டில் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லக் கேட்ட பெண்ணுக்கு இது புரியாத நிலைமை இல்லை.

| கட்டம்: எண்களில் உள்வீடு |
|---|
| உலகில் கத்தோலிக்கக் கன்னியர் சுமார் 6 லட்சம். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். இந்திய ஆயர் பேரவை 2008-ல் ஜாம்ஷெட்பூர்ப் பொதுக்கூட்டத்தைப் பெண்களின் ஆற்றல்பேறு என்ற பொருளில் நடத்தி, 2010-ல் பாலினக் கொள்கை வெளியிட்டது. 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அது ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபரில் வத்திக்கான் ஆயர் மாமன்றத்தில் முதல்முறையாகப் பெண்கள் ஓட்டளித்தார்கள். 2025 ஜனவரியில் துறவற சபைகளுக்கான வத்திக்கான் துறையின் தலைவராக சிஸ்டர் சிமோனா பிராம்பில்லா நியமிக்கப்பட்டார். வத்திக்கான் துறை ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். |

பாலியல் கொடுமை பற்றிய புகார்களிலும் உள்வீட்டின் கதவு மூடியே கிடந்தது. 2018 செப்டம்பரில் கொச்சி உயர் நீதிமன்றச் சந்திப்பில் ஐந்து கன்னியர் தெருவில் உட்கார்ந்தார்கள். தங்கள் சகோதரி ஜலந்தர் ஆயர் மீது கொடுத்த வன்கொடுமைப் புகாரைத் திருச்சபை கேட்கவில்லை என்பதே அவர்கள் வேதனை. 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் ஆயரை விடுதலை செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டிருக்கிறது. வழக்கின் முடிவைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. புகார் கொடுக்க வீட்டுக்குள் ஒரு வாசல் இல்லாததால்தான் அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதில் தீர்ப்பு எதையும் மாற்றவில்லை. போப் பிரான்சிஸ் 2019-ல், குருக்களாலும் ஆயர்களாலும் கன்னியர் கொடுமைக்கு ஆளானது உண்டு என்று பத்திரிகையாளர்கள் முன் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, “அப்படியானால் இவர்கள் பேச்சே போலி” என்ற முடிவுக்கு ஒருவர் தாவலாம். அந்தத் தாவல் தவறு என்பது என் உறுதியான கருத்து. போலி என்றால் உள்ளே கேள்வி எழாது. இங்கே கேள்வி எழுப்புகிறவர்கள் வெளியே உரிமைப் பணி செய்த அதே பெண்கள். சேரியில் பத்து வருடம் ‘புகார் கொடுக்கப் பயப்படாதீர்கள் அக்கா’ என்று சொல்லிப் பழகியவரால் தன் மடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. கொச்சியில் உட்கார்ந்தவர்களுக்கு ஆதரவாக நாடு முழுவதும் ‘சிஸ்டர்ஸ் இன் சாலிடாரிட்டி’ என்று கைகோத்தவர்களில் பெண்ணுரிமைக் களத்தில் வருடக்கணக்காக நின்ற கன்னியர் இருந்தார்கள். உரிமை என்ற சொல் ஒருவழிப் பாதையில் போவதில்லை. வெளியே கற்பித்தவரையே அது மாற்றுகிறது. ஆகவே உள்வீட்டை முதலில் ஒழுங்குபடுத்திவிட்டு வெளியே வாருங்கள் என்று சபைகளைப் பார்த்துச் சொல்வது இருபக்கமும் நஷ்டம். வெளியே போவதை நிறுத்தினால் உள்ளே கேள்வி கேட்க ஆள் இருக்காது.

560084-ல் யார் முதலாளி?

இந்த வாதத்துக்குக் காலம் இப்போது ஒரு கூர்மை கொடுத்திருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் கர்நாடக அரசு வீட்டுவேலைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, நலன் மசோதாவின் வரைவை வெளியிட்டது. தொழிலாளரும் பதிவு செய்ய வேண்டும், வேலைக்கு வைப்பவரும் பதிவு செய்ய வேண்டும், சம்பளத்தில் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் வேலை கொடுப்பவர் கட்ட வேண்டும் என்பது அதன் எண்ணம். அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுக்களில் இதற்கு எதிர்ப்பு வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ‘வீட்டுக்குள் அரசாங்கம் வரலாமா?’ என்பார்கள். பாத்திரம் கழுவும் பெண் தினமும் அதே வீட்டுக்குள் வருவதை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது.

சபைகளுக்கு இங்கே செய்வதற்கு ஒரு குறிப்பான வேலை இருக்கிறது. வழக்கம்போல மனு எழுதுவார்கள், ஊர்வலத்துக்கு அக்காக்களைத் திரட்டுவார்கள்; செய்யட்டும். அதோடு, கன்னியர் மடம் ஒரு ‘வீடா’ அல்லது ‘நிறுவனமா’ என்று சட்டம் வரையறுக்கும்வரை காத்திராமல், லிங்கராஜபுரத்திலும் குக் டவுனிலும் பென்சன் டவுனிலும் உள்ள ஒவ்வொரு கான்வென்ட்டும் குருமடமும் ஆயர் இல்லமும் தன் சமையல்கட்டில் வேலை செய்பவரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுவிடலாம். சம்பளம், வார விடுப்பு, நோய்க்கால விடுப்பு, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய தொகை என்று நான்கு வரி போதும். அங்கே சமைப்பவர் கன்னியர் என்றால் ஒப்பந்தம் அவர் சபைக்கும் அந்த இல்லத்துக்கும் இடையே இருக்கட்டும், எட்டு மணி நேரமும் ஓய்வு நாளும் அதில் எழுதப்படட்டும். இதற்கு ரோமாபுரியின் அனுமதி வேண்டாம், பெங்களூருவில் ஒரு மாலை நேரக் கூட்டம் போதும்.

அதன் பிறகு மசோதா சட்டமாகி, நலவாரியப் பதிவேடு திறக்கிற நாளில், 560084-லிருந்து ‘வேலை கொடுப்பவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வருகிற முதல் ஆள் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மதராக இருந்தால், வரிசையில் அடுத்து நிற்கும் அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் என்ன சாக்குச் சொல்வார்?